பழைய தேதியில் ஒரு கையெழுத்து

வில்லாபுரம் அத்தை: கப்பலூர் மில்லிலிருந்து டிரைவர் வந்து ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். "புதுப் பங்குகள் வாங்க எனக்கு விருப்பமில்லை" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வைக்கும்படி அண்ணன் போனில் சொன்னார். தேதி மட்டும் போன வருஷம் ஆகஸ்ட்.

தெப்பக்குளம் சித்தப்பா: அண்ணன் சொன்னால் போட வேண்டியதுதானே அக்கா. மதினி காதில் விழுந்தால் வருத்தப்படுவார்.

செல்வி: அத்தை, போடாதீர்கள். பேனாவையே எடுக்க வேண்டாம்.

செல்வி: நேற்று கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி மில் கோப்புகளைப் பார்த்தேன். போன வருஷம் 500 புதுப் பங்கு போட்டிருக்கிறார்கள். அத்தனையும் பெரியப்பா பையன்கள் பெயரில். 1000-ல் 120 என்று இருந்த அத்தை பங்கு இப்போது 1500-ல் 120. 12 சதவீதம் 8 ஆகிவிட்டது.

வில்லாபுரம் அத்தை: எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே.

செல்வி: அதேதான். 2013 கம்பெனிச் சட்டம் 62-ஆம் பிரிவுப்படி, புதுப் பங்கை இருக்கிற பங்குதாரர்களிடம் அவரவர் அளவுக்கு முதலில் கேட்க வேண்டும். வேறு ஆளுக்குத் தருவதென்றால் கூட்டம் கூட்டி முக்கால்வாசி ஓட்டு வாங்க வேண்டும். அப்படித் தீர்மானம் எதுவும் கோப்பில் காணோம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தத் தாள்.

தெப்பக்குளம் சித்தி: மில் குடோன் வாடகை மூத்த மருமகள் கணக்குக்குப் போகிறதாமே 😐

குட்டி: 10 சதவீதம் இருந்தால்தானே வழக்குப் போட முடியும்?

செல்வி: மூலதனத்தில் அவ்வளவு இல்லாவிட்டாலும், பங்குதாரர்கள் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு போதும். 244-ஆம் பிரிவு. மில்லில் மொத்தமே 7 பேர். அத்தை ஒருவரே போதும். சென்னையில் இருக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தெப்பக்குளம் சித்தப்பா: கூடப்பிறந்தவர் மேல் கேஸா? 2009-ல் என் பங்கை அண்ணன் சொன்ன விலைக்கே விட்டுக்கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா?

தெப்பக்குளம் சித்தி: கேட்டிருக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பைக்தான் வந்தது.

தெப்பக்குளம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: உடனே கேஸ் என்று சொல்லவில்லை சித்தப்பா. டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, தரவில்லை என்பதற்காக மட்டும் தீர்ப்பாயம் ஓடி வராது. நீலகிரி கேத்தியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், புதுப் பங்குக் கடிதத்தை நேரத்துக்குப் போய்ச் சேராதபடி தாமதமாகத் தபாலில் போட்டார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பங்குதாரர் மீதான ஒடுக்குமுறை என்று சொல்லவில்லை. ஆனாலும் பங்கின் சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் இருந்த வித்தியாசத்தைக் கொடுக்க வைத்தது. வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வில்லாபுரம் அத்தை: சரி. நாளைக் காலை டிரைவர் வருவாரே?

செல்வி: தாளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பொதுக்குழு மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நகல் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், ஸ்பீடு போஸ்டில் போடலாம். பங்குதாரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

வில்லாபுரம் அத்தை: அண்ணனே போன் செய்தால் என்ன சொல்வது?

குட்டி: கண்ணாடி உடைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று சொல்லுங்கள் 😄

வில்லாபுரம் அத்தை: போன வாரம்தான் அண்ணன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.