சட்டம் படிக்க நீதி வேட்கை மட்டும் போதுமா?

கயல்: பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. ‘எதிர்த்துப் பேசுவதில் கெட்டிக்காரி, வக்கீலுக்குப் படி’ என்கிறார்கள் வீட்டில். எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எங்கள் பாட்டி, வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர். அந்த ஆதங்கத்தில்தான் சட்டம் படிக்க நினைக்கிறேன். இது போதுமா?

மாறன்: தாராளமாகப் போதும். அமெரிக்காவில் கிடியன் என்ற ஏழை, தனக்கு வக்கீல் வேண்டும் என்று சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதினார். 1963இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அநியாயத்தைப் பொறுக்காத மனம்தான் முதல் தகுதி. சம்பளத்தை எண்ணி வருபவர்களுக்கு அது கடைசிவரை வராது.

செல்வி: போதாது கயல். பதினொரு வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கிடியன் கதையின் மீதியையும் பாருங்கள். முதல் விசாரணையில் அவரே வாதாடினார். தான் குற்றமற்றவர் என்ற தவிப்பு அவரைவிட யாருக்கு இருந்திருக்கும்? தோற்றார், ஐந்தாண்டு சிறை. மறுவிசாரணையில் ஒரு வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். விடுதலையானார்.

இந்தத் தொழிலில் பெரும்பகுதி வாசிப்புதான். ‘மற்றும்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அல்லது’ விழுந்தால் ஒப்பந்தமே தலைகீழாகிவிடும். அதைத் தேடி நாற்பது பக்கம் வாசிக்கப் பிடிக்கிறதா? என்னோடு சேர்ந்தவர்களில் மேடையில் முழங்கியவர்கள் சிலர் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்து போனார்கள்.

மாறன்: வாசிப்பைப் பழகிக்கொள்ளலாம் செல்வி. இரக்கத்தை எந்தப் பாடத்திட்டம் கற்றுத்தரும்? கயலின் பாட்டியிடம் கைநாட்டு வாங்கிய பத்திரத்தை எழுதியவருக்கும் சொல் நுணுக்கம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

செல்வி: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். திறமை மட்டும் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். ஆனாலும் கயல், விண்ணப்பிக்கும் முன் ஒரு தீர்ப்பை முழுதாக வாசித்துப் பாருங்கள். பிரிட்டனில் 1932இல் தீர்ப்பு வந்த டோனஹ்யூ வழக்கை எடுங்கள். பானப் பாட்டிலில் செத்த நத்தை இருந்தது, குடித்தேன், உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். அதை வாங்கிக்கொடுத்தது தோழி. அதனால் ஒப்பந்தம் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. சட்டத்தில் ‘அயலார்’ என்றால் யார் என்று நீதிபதி அட்கின் எழுதிய பகுதியில்தான், பார்த்தறியாதவருக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்ற எண்ணம் பிடிபடும். அங்கே உங்களுக்குச் சிலிர்த்தால் வாருங்கள்.

மாறன்: சிலிர்க்காவிட்டாலும் வரலாம் கயல். படிக்கப் படிக்க வரும்.

கயல்: இருவருக்கும் நன்றி. தீர்ப்பு இருக்கட்டும் என்று என் அம்மாவிடம் கேட்டுப் பாட்டியின் பத்திர நகலை வாங்கினேன். நான்கு பக்கம். நிலத்தை அடமானம் வைப்பதாகத்தான் பாட்டி கடைசிவரை நம்பினார். மூன்றாம் வரியிலேயே ‘கிரயம்’, அதாவது விற்பனை, என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே வாக்கியம் ஒன்பது வரி ஓடுகிறது, இரண்டு முறை வாசித்தும் பிடிபடவில்லை. இப்போது மறுபடியும் வாசிக்க உட்கார்கிறேன்.