பச்சையில் பிசிறெடுப்பு: ஒரு சீரொளிச் சிகிச்சைக்குச் சொல் தேடி

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு தோல் மருத்துவமனைக்கு ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. பெரும்பாலான படிவங்கள் தொல்லை தரவில்லை. ஒன்றில் மட்டும் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். உடலில் குத்திய பச்சையில் கோடு தடித்துப்போன இடம், ஓரம் கலங்கிய இடம், தேவையின்றி விழுந்த புள்ளி ஆகிய சிறு பிழைகளை மட்டும் சீரொளியால் (லேசரால்) எடுத்துவிட்டு, மற்ற வடிவத்தை அப்படியே விட்டுவைக்கும் சிகிச்சை அது. பழைய படிவத்தில் அதற்கும் ‘பச்சை நீக்கச் சிகிச்சை’ என்றே தலைப்பிட்டிருந்தார்கள். காலமான தகப்பனாரின் பெயரை முன்கையில் குத்தியிருந்த ஓர் அம்மா, முதலெழுத்தின் ஓரத்தில் படர்ந்திருந்த நீலத்தை மட்டும் எடுக்க வந்தவர், கையெழுத்திடப் போகும்போது அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். அவர் செய்ததில் தவறொன்றும் இல்லை. நீக்கம் என்று எழுதினால் நீக்கம் என்றுதான் படிப்பார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற தமிழ்ச் சொல் வேண்டுமென்று சென்ற வாரம் நான் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய சொற்களுள் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: பச்சைத் திருத்தம், குத்துச் செப்பம், பச்சை மெருகு, சீரொளிச் செதுக்கல். இவற்றை எடைபோடும் முன் தோலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நம் விவாதம் ஓசை நயத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடும்.

பச்சை குத்தும் ஊசி, மையை மேல்தோலைத் தாண்டி, ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உட்தோலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே உடலின் காவல் அணுக்களான பெருவிழுங்கிகள் மைத்துகள்களை விழுங்கிக்கொள்கின்றன. அவற்றைச் செரிக்கவும் முடியாமல் வெளியேற்றவும் முடியாமல் அவை வைத்திருப்பதால்தான் பச்சை ஆயுள் முழுவதும் நிற்கிறது. சீரொளிக் கருவி, நானோநொடிக் கணக்கில், அதாவது ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கி அளக்கும் கணக்கில், மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியைச் செலுத்துகிறது. மை அந்த ஒளியை உறிஞ்சிச் சூடேறி, சூடு சுற்றியுள்ள திசுவுக்குப் பரவும் முன்பே உடைந்து பொடியாகிறது. எந்த நிறத்தை உடைக்க வேண்டுமோ அந்த நிறம் உறிஞ்சும் ஒளியைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும் என்னும் இந்தக் கோட்பாட்டை ஆண்டர்சன், பேரிஷ் என்னும் இருவர் 1983இல் வெளியிட்டனர். ‘தேர்வுறு ஒளிவெப்பச் சிதைப்பு’ என்று அதைச் சொல்லலாம். பொடியான மையை நிணநீர் சிறுகச் சிறுக வாரிக்கொண்டு போகிறது.

இதிலிருந்து நம் சொல்லுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: சீரொளியால் எடுக்க முடியும், சேர்க்க முடியாது. தமிழ் எழுத்தை வைத்தே இதை விளக்கிவிடலாம். ஒருவர் கையில் ‘மீனாட்சி’ என்பதை ‘மீணாட்சி’ என்று மூன்று சுழி போட்டுக் குத்திவிட்டார்கள் என்று கொள்வோம். ஒரு சுழியை எடுத்தால் றன்னகரம் கிடைத்துவிடும். இடையில் கொஞ்சம் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். ஆனால் ‘கண்ணன்’ என்பதைக் ‘கன்னன்’ என்று குத்தியிருந்தால் எத்தனை இலட்சம் ரூபாய்க் கருவியும் உதவாது, மறுபடி ஊசிதான். தேவையற்ற புள்ளியை எடுத்துவிடலாம், விடுபட்ட புள்ளியை வைக்க முடியாது. தனித்து நிற்கும் துணைக்காலை எடுக்கலாம், குறிலை நெடிலாக்க முடியாது.

இந்த உரைகல்லில் உரைத்தால் ‘பச்சைத் திருத்தம்’ முதலில் விழுகிறது. திருத்தம் என்பது கூட்டலையும் கழித்தலையும் ஒருங்கே குறிக்கும் சொல். ஆசிரியர் விடைத்தாளில் விடுபட்டதை எழுதுவதும் திருத்தம்தான். அதைப் படிக்கும் நோயாளி, எழுத்துப் பிழையெல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வருவார். இன்னொரு சங்கடமும் உண்டு. அரசு அலுவலகங்களோடு பழகிய நம்மில் பலருக்குப் பச்சைத் திருத்தம் என்றால் மேலதிகாரியின் பச்சை மைப் பேனாதான் நினைவுக்கு வரும். ‘பச்சை’ என்ற சொல் நிறம், காய்மை, ஆறாத தன்மை எனப் பல பொருள்களைச் சுமப்பது. பச்சைப் புண், பச்சை உடம்பு என்றெல்லாம் வழங்குகிற ஊரில், பச்சை என்பதைத் தலைச்சொல்லாக வைத்துச் சிகிச்சைப் பெயர் அமைப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

‘குத்துச் செப்பம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஊர்ச் செய்தித்தாள் வாசகருக்குக் ‘குத்து’ என்பதன் முன்னால் கத்தி தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

‘மெருகு’ அழகான சொல். தெற்கு ஆவணி மூல வீதிப் பொற்கொல்லர் வாயில் அன்றாடம் புழங்குவது. ஆனால் மெருகு, குறையில்லாத பொருளுக்கு இடும் பளபளப்பு. இங்கே நடப்பது குறை களைதல். சிகிச்சைக்குப் பின் பச்சை பளபளக்கும் என்று யாராவது எண்ணிவிட்டால் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

‘செதுக்கல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கைவிட மனம் வரவில்லை. சிற்பி கல்லில் எதையும் சேர்ப்பதில்லை, வேண்டாததை எடுத்துத்தான் உருவத்தைக் கொண்டுவருகிறார். ஆகவே ‘எடுத்தல் மட்டும்’ என்னும் கருத்து அதில் கச்சிதமாக இருக்கிறது. இருப்பினும் தோலைப் பற்றிய சொல்லில் உளியின் நினைவு வருவது நல்லதன்று. தோலைச் சீவியும் தேய்த்தும் பச்சையை அகற்றும் பழைய முறைகள் தனியே உண்டு. அவற்றோடு இது குழம்பிவிடும்.

இனி என் சொல். உசிலம்பட்டிப் பக்கத்தில் இரு கைகளிலும் கோலமும் தேளும் குத்திய ஒரு மூதாட்டியிடம் சில ஆண்டுகளுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த சட்டியில் படிந்த கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்தியதை விரிவாகச் சொன்னவர், தேளின் கொடுக்கைக் காட்டி, “இந்த எடத்துல கைய இழுத்துப்புட்டேன், கோடு பிசிறடிச்சுப் போச்சு” என்றார். பிசிறு என்ற சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: துணியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், வார்ப்பின் விளிம்பில் துருத்தும் உலோகம், பாடகர் குரலில் தட்டும் சிறு குறை. எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே. முழுப்பொருள் நன்றாக இருக்கிறது. ஓரத்தில் மட்டும் வேண்டாதது ஒட்டியிருக்கிறது. அதை எடுப்பதற்குப் ‘பிசிறெடுப்பு’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பிசிறு + எடுப்பு என்பதில் குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. களையெடுப்பு போன்ற அமைப்பு; களையெடுப்பு என்றால் பயிரையும் பிடுங்குவது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. முழு வடிவம் வேண்டுமிடத்தில் ‘சீரொளிப் பிசிறெடுப்பு’. பெயர்ப்பலகையில் ‘லேசர் பிசிறெடுப்பு’ என்று எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

துணைச்சொற்கள் இரண்டு. ஊசி உட்தோலைத் தாண்டிக் கொழுப்பு அடுக்கு வரை இறங்கிவிட்டால் மை பக்கவாட்டில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழுகிறது. இதை ‘மைக்கசிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கசிவது வெளியே வருவது. இது உள்ளே பரவுவது. மட்டமான தாளில் மைப்பேனாவால் எழுதிய தலைமுறை ‘மை ஊறுது’ என்றுதான் சொன்னது. ‘மையூறல்’ போதும். அடுத்து, ஒளி பட்டவுடன் அந்த இடம் வெளுத்து, சில நிமிடங்களில் அடங்கிவிடும். திசுவில் உண்டாகும் நுண்ணிய வளிக்குமிழிகளே காரணம். ‘வெண்பூப்பு’ என்ற பரிந்துரை கவித்துவமானது. எனினும் தெருவுக்குத் தெரு பூப்புனித நீராட்டு விழாப் பதாகைகள் நிற்கும் ஊரில் அதைப் படிவத்தில் அச்சிட எனக்குத் துணிவில்லை. குமிழியால் வருவது என்பதால் ‘நுரைவெளுப்பு’ என்கிறேன்.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி (மதுரையிலிருந்து ஒரு தோல் மருத்துவர்)

ஐயா, வணக்கம். பிசிறெடுப்பு என்ற சொல் பிடித்திருக்கிறது. ஆனால் மருத்துவராக எனக்கு இரண்டு கவலைகள்.

முதலாவது, துணிப் பிசிறை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். இது அப்படிப்பட்டதன்று. ஒரு சிறு கறையாக இருந்தாலும் பல அமர்வுகள் தேவைப்படலாம். இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரங்கள் விடுகிறோம். அது மட்டுமன்று, ஒளிப்பொட்டின் அகலம் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை; எடுக்க வேண்டிய கோடோ அதைவிட மெல்லியதாக இருக்கும். எனவே எடுக்கவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டுச் சுற்றிலும் ஒளிபுகா மறைப்பை ஒட்டிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. சுங்குடிச் சேலையில் முடிச்சிட்ட இடத்தைச் சாயத்திலிருந்து காப்பது போன்ற வேலை அது. அப்படியும் அருகிலுள்ள நல்ல கோடு சற்று மங்கக்கூடும்.

இரண்டாவது, நம் தோலின் நிறம். நம் மாநிறத் தோலில் நிறமி மிகுதி. அந்த நிறமியும் ஒளியை உறிஞ்சும். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் ஓரளவு பாதுகாப்பானது. சிவப்பு மைக்குத் தேவைப்படும் 532 நானோமீட்டர் நம் தோலை வெளிறச் செய்யும் ஆபத்து கூடுதல். பிழையை மறைக்க மேலே வெள்ளை மையோ தோல்நிற மையோ குத்திக்கொண்டு வருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறோம். அவற்றில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சீரொளி பட்டவுடன் வேதிமாற்றம் அடைந்து கறுத்துவிடலாம். பிசிறு எடுக்க வந்தவர் கரும்புள்ளியோடு போவார். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது அதனால்தான். இந்தக் கறுத்தலுக்கும் ஒரு சொல் தாருங்கள்; படிவத்தில் அது கட்டாயம் இடம்பெற வேண்டும்.

*

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி.

முதற்கவலைக்கு விடை களையெடுப்பிலேயே இருக்கிறது. எந்த உழவரும் ஒரே களையோடு நிற்பதில்லை. முதற்களை, இரண்டாங்களை என்று எண்ணுகிறார்கள். அவ்வாறே ‘முதற்பிசிறெடுப்பு’, ‘இரண்டாம் பிசிறெடுப்பு’ என்று அமர்வுகளை எண்ணிப் படிவத்தில் கட்டமிட்டுவிட்டால், ஒரே நாளில் முடியாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வெளுக்க வேண்டியது கறுத்துப்போவதற்கு ‘முரண்கறுப்பு’ என்று வைத்திருக்கிறேன்.

ஒரு வரம்பை நானும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று சுழியில் ஒன்றை எடுப்பது பிசிறெடுப்பில் அடங்காது. அது எழுத்தின் உறுப்பு, பிசிறன்று. அதற்குப் ‘பகுதி நீக்கம்’ என்று நேராகவே எழுதிவிடலாம். படிவத்தின் முதல் பத்தி இப்போது இவ்வாறு இருக்கிறது:

“இது உங்கள் பச்சையை முழுவதும் நீக்கும் சிகிச்சை அன்று. நீங்களும் மருத்துவரும் படத்தில் வட்டமிட்ட இடத்தில் மட்டும் சீரொளிப் பிசிறெடுப்புச் செய்யப்படும். இதனால் மையைக் குறைக்கத்தான் முடியும். புதிய கோடோ புள்ளியோ சேர்க்க முடியாது. அருகிலுள்ள கோடு மங்குதல், தோல் வெளிறுதல், முரண்கறுப்பு ஆகியவை நேரக்கூடும்.”

‘பிசிறெடுப்புச் செய்யப்படும்’ என்பதில் சகர ஒற்று வேண்டுமா என்று அச்சகத்தார் கேட்டிருக்கிறார். வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளோர் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை படிவம் அச்சுக்குப் போகிறது.