ஆற்றங்கரையில் இருந்த ஐஸ் ரிங்க்

மீனா: 📷 படம்

மீனா: சித்தப்பா, டர்ஹமில் ஆற்றோரமாக நடந்து போனேன். இவ்வளவு பெரிய இரும்புத் திருகு ஒன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன இது?

சித்தப்பா: மின்சாரம் எடுக்கிற திருகு. வியர் ஆற்றுத் தடுப்பணையில் தண்ணீர் இறங்கும் வேகத்தில் சுற்றும். பக்கத்தில் இருக்கிறதே பாஸ்போர்ட் ஆபீஸ், அங்கேதான் முன்பு ஊரின் ஐஸ் ரிங்க், அதாவது ஐஸில் சறுக்கி விளையாடும் தளம், இருந்தது. டர்ஹம் வாஸ்ப்ஸ் ஆடிய இடம்.

கார்த்தி: வாஸ்ப்ஸ் என்றால் குளவிகளா? என்ன டீம்?

சித்தப்பா: ஐஸ் ஹாக்கி.

கார்த்தி: இங்கிலாந்தில் ஐஸ் ஹாக்கியா! 😂 அவர்களுக்குக் கால்பந்தே போதுமே.

சித்தப்பா: சிரிக்காதே. 1980களில் பிரிட்டனிலேயே இந்தச் சின்ன ஊர் டீமைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயந்தார்கள்.

பெரியம்மா: சுரங்கத் தொழிலாளர் ஊர் என்றுதானே சொல்வாய் தம்பி? அங்கே யார் ஐஸில் ஆடக் கற்றுக்கொடுத்தது?

சித்தப்பா: அதற்கு ஐஸ் வியாபாரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் அண்ணி. ஜான் ஸ்மித் என்று ஒருவர். ஐஸ் கட்டி தயாரித்து விற்றவர், அதனால் ஊருக்கெல்லாம் 'ஐசி' ஸ்மித். பின்னாளில் மேயராகவும் இருந்தார். ஆற்றோரப் பழைய மாவு மில்லை வாங்கி, ஆற்றுத் தண்ணீரிலேயே டர்பைன் ஓட்டி ஐஸ் தயாரித்தார். மீனா பார்த்த திருகு இன்றைக்குச் செய்வதும் அதே வேலைதான்.

சித்தப்பா: இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்த சமயம் அங்கேயே ரிங்க் போட்டார். முதலில் கூரை கிடையாது. அப்புறம் மேலே கூடாரம் போட்டார்கள். கூடாரத்தைத் தாங்கும் கம்பங்கள் எங்கே நின்றன தெரியுமா? ஐஸ் மேலேயே!

மீனா: ஆடும்போதா?

சித்தப்பா: ஆடும்போதுதான். பக் என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வேகமாக வருகிறவன், எதிராளியையும் ஏமாற்ற வேண்டும், கம்பத்தையும் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் நேராகப் போய் மோத வேண்டியதுதான். பக்கத்து விமானத்தளங்களில் இருந்த கனடா விமானப்படைக்காரர்கள் இங்கே வந்து ஆடினார்கள். அதைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது.

கார்த்தி: கூடாரம் என்ன ஆயிற்று?

சித்தப்பா: புயல் காற்றில் போயிற்று. போர் முடிந்ததும் நிரந்தரக் கட்டடம் கட்டினார். 1947 வாக்கில் வாஸ்ப்ஸ் ஆரம்பம். மனிதர் அதோடு நிற்கவில்லை. 1950களில் கடற்கரைப் பக்கம் விட்லி பேயிலும் ஒரு ரிங்க் கட்டினார். அந்த ஊர் டீம் முதலில் பீஸ். குளவிக்கு எதிரி தேனீ 😄 பிறகு வாரியர்ஸ் ஆனார்கள்.

பெரியம்மா: சரி, ஜெயித்தார்களா இல்லையா? அதைச் சொல்.

சித்தப்பா: ஜெயிக்காமலா? பிரிட்டிஷ் லீக் 1985, 86, 89, 91, 92. லண்டன் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஷிப் 1987, 88, 91, 92. ஒரு டீமுக்கு மூன்று வெளிநாட்டு வீரர்கள்தான் என்று விதி இருந்த காலம். எல்லா டீமும் மூன்று கனடாக்காரரைப் பிடித்துவிடும், மீதி ஆட்களுக்கு எங்கே போவது? இங்கே அந்தக் கவலையே இல்லை. ஸ்டீபன், இயன் என்ற கூப்பர் சகோதரர்கள், ஜான்சன் சகோதரர்கள் எல்லாம் இந்தப் பக்கத்துப் பையன்கள். கோப்பைக்குக் காரணம் இதுதான் என்பேன்.

சித்தப்பா: நான் வந்த புதிதில் கூட வேலை பார்த்தவர் ஒரு மேட்சுக்கு இழுத்துப் போனார். பாதி நேரம் பக் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த பாட்டிக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

மீனா: அவ்வளவு நல்ல டீம் ஏன் இப்போது இல்லை?

சித்தப்பா: தோற்று ஒழியவில்லை, விற்றுப் போயிற்று. 1995இல் சர் ஜான் ஹால் வாங்கினார். நியூகாசில் யுனைடெட் கால்பந்து கிளப்பை வைத்திருந்தவர். பார்சிலோனா மாதிரி ஒரே கிளப்பின் கீழ் கால்பந்து, ரக்பி, கூடைப்பந்து, ஹாக்கி எல்லாம் வேண்டும் என்று கனவு. ஒரு சீசன் டர்ஹம் பெயரிலேயே சண்டர்லாந்தில் ஆட வைத்தார். 1996இல் நியூகாசிலின் புது அரினாவுக்குக் கொண்டுபோய் 'கோப்ராஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் ரிவர்கிங்ஸ், ஜெஸ்டர்ஸ் என்று பெயர் மாறியதுதான் மிச்சம். அந்த 96இலேயே இங்கே ரிங்கும் மூடியாயிற்று.

கார்த்தி: ரசிகர்கள் பின்னாலேயே போயிருக்கலாமே சித்தப்பா? நியூகாசில் பக்கம்தானே, ரயிலில் கால் மணி நேரம்.

சித்தப்பா: நம் ஊர்க் கோவில் தேரைப் பக்கத்து ஊருக்கு விற்றால் அங்கே போய் வடம் பிடிப்பாயா?

கார்த்தி: 🙏 சரி, சரி.

சித்தப்பா: ஹாலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடம் தொடங்கிய சூப்பர் லீக் என்ற புது ஐஸ் ஹாக்கி லீக்குக்குப் பெரிய அரினாதான் தோது. இந்தப் பழைய கட்டடம் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்? ஆனால் சின்ன டீமாகவாவது ஊரில் விட்டிருக்கலாம். ரிங்க் போனதும் புதுப் பையன்கள் வருவதும் நின்றுவிட்டது. அந்தக் கட்டடம் கொஞ்ச காலம் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடும் இடமாக ஓடி, கடைசியில் இடித்தார்கள்.

மீனா: விட்லி பே ரிங்க் இருக்கிறதா?

சித்தப்பா: இருக்கிறது. வாரியர்ஸ் அங்கேதான் ஆடுகிறார்கள். ஞாயிறு மேட்ச் இருந்தால் கூட்டிப் போகிறேன். நியூகாசில் வரை ரயில், அங்கிருந்து மெட்ரோ.

பெரியம்மா: உள்ளே ஹீட்டர் இருக்குமா?

சித்தப்பா: ஐஸ் ரிங்க் அண்ணி 😄 வெளியே இருப்பதைவிட உள்ளேதான் குளிர். மீனா, அந்தத் தடித்த கோட்டையே போட்டு வா.

மீனா: வாஸ்ப்ஸ் ஆதரவாளர் என்று அங்கே சொல்லலாமா?

சித்தப்பா: இடைவேளை வரை வேண்டாம்.