எங்கள் அப்பாரு: பழகியவர்கள் எழுதுங்கள்

மகன் வழிப் பேரன்:

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, போன மாதம் காலமாகிவிட்டார். தொண்ணூற்றாறு வயது. படுக்கையில் கிடந்தது பதினொரு நாள்தான். அதற்கு முந்தின வாரம் வரை தடியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர். பேரன் பேத்திகள் எல்லோரும் நெய்ப்பந்தம் பிடித்தோம். கருமாதி முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாதிக் கதை நான் கேட்டே இராதது. மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். அவரோடு பழகியவர்கள் ஒன்றாவது எழுதுங்கள்.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய எச்எம்டி கடிகாரம். தினமும் பொழுது இறங்கியதும் சாவி கொடுப்பார். கல்யாணம், கோயில் என்று எங்கே போனாலும் அதைக் கட்டிக்கொண்டு போக மாட்டார். வாய்க்காலில் நேரம் வைத்து ஆளாளுக்கு முறை போட்டு விடும் தண்ணீருக்காக மட்டும் வாங்கியது. அதற்கு முன்பெல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் மடை மாற்றினார்களாம்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். வாய்க்கால் நீளம் 200 கிலோமீட்டர், அதில் பாயும் நிலம் (ஆயக்கட்டு) 2,07,000 ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடைக்காது. ஒற்றைப்படை மதகுக்கு ஒரு வருஷம் நெல்லுக்கு என்றால், இரட்டைப்படை மதகுக்குக் கடலைக்கும் எள்ளுக்கும். அடுத்த வருஷம் மாறும். ஒரு மதகுக்குள்ளேயே காட்டுக்குக் காடு (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) மணிக்கணக்கு உண்டு. எங்களுக்குத் திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணியிலிருந்து நாலரை வரை.

பத்து வயதில் ஒருநாள் நானும் வருகிறேன் என்று அடம்பிடித்துப் போனேன். தோளில் மம்பட்டி, கையில் டார்ச் லைட். ஆனால் டார்ச்சை அதிகம் அடிக்கவே இல்லை. வரப்பில் நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்று, "சத்தம் மாறுது பாரு கண்ணு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கையால் தடவினார். வரப்பில் எலி வங்கு. உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிடி புல்லும் சேறும் வைத்துக் குதிகாலால் மிதித்து அடைத்தார்.

நாலரை ஆனபோது மூலையில் இரண்டு பாத்தி இன்னும் நனையவில்லை. "இன்னும் அஞ்சு நிமிசம் உடலாமுங்கப்பாரு" என்றேன். கடிகாரத்தில் டார்ச்சை அடித்துப் பார்த்தார். "அது அவுங்க தண்ணி சாமி" என்று சொல்லிவிட்டு மடையை அடைத்தார். அந்த இரண்டு பாத்திக்கும் விடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மகள் வழிப் பேத்தி:

உங்களுக்கு அப்பாரு, எனக்கு அப்பிச்சி. கடைசி இரண்டு வருஷம் லீவுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு நகம் வெட்டிவிட்டது நான்தான். வலது உள்ளங்கையில் ஒரு பள்ளம் இருக்கும். சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் வரை குறுக்காக ஓடும், தோல் கெட்டிப்பட்டு வழவழப்பாக. "இது என்னங்க அப்பிச்சி?" என்று கேட்டேன். "கவலை ஓட்டுன கவுறு" என்றார்.

கவலை என்றால் காளைகளைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது. நம்மில் யாரும் கவலை இறைத்துப் பார்த்ததில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காளை இரண்டும் சரிவில் இறங்கும்போது, கிணற்றில் தண்ணீர் மொள்ளும் சால் நிறைந்து மேலே வரும். இறங்கும்போது ஓட்டுகிறவர் சால் கட்டிய தடித்த கயிறான வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார், அவருடைய பாரமும் சேர்ந்து இழுக்க. கீழே போனதும் சாலின் வால் பக்கம் கட்டிய கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அப்புறம் காளைகள் பின்னாலேயே நடந்து மேலே வர வேண்டும். விடியக்காலை மூன்று மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. பன்னிரண்டு வயதில் வடத்தில் உட்கார்ந்தாராம்.

நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை வேலை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடிந்தது. நம் காட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தபோது அப்பிச்சிக்கு இருபத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் மேலே. ஊரே கரையில் நின்று தேங்காய் உடைத்ததாம். அன்று ராத்திரி தவளைச் சத்தத்தில் யாரும் தூங்கவில்லையாம். அவர் அடிக்கடி சொன்னது அதையல்ல, மறுநாளை. மூன்று மணிக்குக் காளைகள் இரண்டும் தாமாகவே எழுந்து, கட்டுத்தறியில் நின்றபடி கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தனவாம். "இன்னைக்கு வேண்டாம், படுங்க சாமின்னு சொன்னேன். அதுங்களுக்கு வெளங்கல" என்பார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். பஞ்சத்துக்கும் கடனுக்கும் கலங்காத மனுஷன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்:

ஐயாவைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். நம் இரண்டு குடும்பமும் நாலு வருஷம் பேசாமல் இருந்தது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். வரப்புத் தகராறு. யார் பக்கம் நியாயம் என்பதை இப்போது கிளற வேண்டாம், அதெல்லாம் ஆறிப்போயிற்று.

உங்கள் முறை முடிந்தால் அடுத்த முறை எங்களுக்கு. அந்த நாலு வருஷமும் திங்கட்கிழமை ராத்திரி நாலரை மணிக்கு ஐயா எங்கள் வாசல் வரை வருவார். கூப்பிட மாட்டார், கதவைத் தட்ட மாட்டார். இரண்டு தடவை இருமுவார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விடுவார். எங்கள் அப்பா எழுந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு போவார். பேச்சுவார்த்தை இல்லாத வீடு, தூங்கினால் தூங்கட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டதே இல்லை.

நாலாவது வருஷம் மார்கழிக் குளிர் நாளில் அந்த இருமல் கேட்டதும் அப்பா உள்ளேயிருந்து பதிலுக்கு இருமினார். வெளியில் காலடிச் சத்தம் நின்றது. எங்கள் அம்மா சத்தமில்லாமல் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்ததை நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வருஷ மஞ்சள் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

மகன் வழிப் பேரன்:

அண்ணா, இதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரொம்ப நன்றிங்க.

இன்னொன்று. தண்ணீர் கசியாமல் இருக்க வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விஷயத்தில் ஊர் இரண்டுபட்டபோது அப்பாரு, "வாய்க்கா கசிஞ்சாத்தான் கெணறு ஊறும்" என்றார். ஆனால் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் எதிர்த்துப் பேச மாட்டார். "அவுங்க காடு காயுதல்ல" என்பார். நான் அப்பாரு கட்சிதான். ஆனாலும் அவர் சொன்ன இரண்டாவது பேச்சும் உண்மை.

அந்தக் காளைகளின் பெயர் யாருக்காவது தெரியுமா?

மூத்த மகள்:

பேரெல்லாம் வைக்கலை கண்ணு. இடத்தது, வலத்தது என்றுதான் கூப்பிடுவார். இரண்டும் மயிலை நிறம், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பிடித்தது. இடத்தது நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செத்தது. கிணற்று மேட்டுப் பூவரச மரத்தடியில் புதைத்தோம். வலத்ததை அதற்கப்புறம் எதிலும் பூட்டவில்லை. எத்தனையோ பேர் வந்து விலை கேட்டார்கள், தரவில்லை. கடைசி வரை மூன்று மணிக்கு எழுந்து நிற்கும். அப்பாவும் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பார்.