ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: சுட்டதும் "டொய்ங்" சத்தம், புகை

கேள்வி: 0.177 அங்குல பிரேக் பேரல் (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை). சுட்டால் கன்னம்வரை அதிர்வு, கருகிய எண்ணெய் வாடை. 10 மீட்டரில் குண்டுகள் சிதறுகின்றன. ஸ்பிரிங் மாற்றணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. முதலில் ஸ்டாக் திருகுகளையும் பேரல் கீல் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்க; பாதிச் சிதறல் அங்கேதான். பிறகு பிரீச் சீல் (பேரலின் பின்முனையில் காற்றை அடைக்கும் வளையம்) அருகே டிஷ்யூ துணுக்கு வைத்து, பெல்லட்டோடு (குண்டோடு) சுடுங்க. காகிதம் பறந்தால் காற்று கசியுது, சீலை மாற்றுங்க. பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீங்க. பிஸ்டன் முட்டி அதன் சீல் நசுங்கும்.

பதில் 2: புகைக்குக் காரணம் சிலிண்டருக்குள் போன எண்ணெய். அழுத்தத்தில் காற்று சூடாகி அது பற்றிக்கொள்கிறது. சிலிண்டரைத் துடைத்து, பிஸ்டன் பக்கவாட்டில் மட்டும் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) மெல்லிசாப் பூசுங்க. பிஸ்டன் சீலின் முன்பக்கத்தில் வேண்டாம்.

"டொய்ங்" வருவது ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங்கின் உள்ளே செல்லும் தண்டு) லூசா இருப்பதால். கையால் அழுத்தி ஏற்றும் அளவுக்கு இறுக்கமா இருக்கணும். ஆடினால் டெல்ரின் (கடினமான பிளாஸ்டிக்) கைடு கடைந்து போடுங்க. ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டுங்க: தள்ளாடினால் வளைஞ்சிருக்கு, மாற்றணும். நல்லா இருந்தா முனைகளை 600 எண் உப்புத்தாளில் பளபளப்பாக்கி, டார் கிரீஸ் (அதிர்வை அடக்கும் பிசுபிசுப்பான கிரீஸ்) லேசா தடவுங்க. அதிகமானால் வேகம் குறையும்.

பதில் 3: ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கழற்றவே வேண்டாம். நாண் ஏற்றாதபோதும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பின் (pin) கழன்றதும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். பூட்டியபின், முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் திறந்த உள்ளங்கையில் வைத்துச் சுடுங்க. துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும், குண்டுகள் விழும் பரப்பு சுருங்கும்.