மறு: ‘கீ ஃபைல்’ – சாவிக்கோப்பா, திறவுகோற்கோப்பா?

கத்ர் போர்ன், மொரீஷியஸ்:
வணக்கம். மாலை வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடவுச்சொற்களை மேகக்கணியில் வைக்காமல், கீபாஸ்எக்ஸ்சி செயலியில் கேடிபிஎக்ஸ் என்னும் ஒரே பெட்டகக் கோப்பாகச் சொந்தக் கணினியிலேயே பூட்டி வைப்பதுதான் பாடம். திறக்க முதன்மைக் கடவுச்சொல்லோடு சாவிபோல உதவும் ‘கீ ஃபைல்’ என்னும் தனிக்கோப்பு ஒன்றையும் சேர்க்கலாம். அதற்குச் ‘சாவிக்கோப்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

ரோஸ் ஹில்:
அம்மா, சாவி போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். நம் வயலில் சாவி என்றால் மணி பிடிக்காமல் காய்ந்த பயிர். திறவுகோல் இருக்கப் பதர் எதற்கு? ‘திறவுகோற்கோப்பு’ என்போம். திறவுகோல், ஊறுகாய் போல வினைத்தொகை. அதனால்தான் இடையில் வல்லினம் மிகவில்லை. 1998இல் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எதிர்த்து நின்றவர்கள் நாம். கையேட்டில் மட்டும் ஏன் இறங்கிப்போக வேண்டும்?

சேன் தெனி, ரியூனியன்:
ஐயா, ‘கோற்கோ’வில் நாக்கு இடறும். வீட்டில் கிரியோல் மொழி பேசும் பிள்ளைக்குச் சாவி என்றால் உடனே புரியும். என் குறை வேறு. வீட்டுச் சாவி தேய்ந்தாலும் திறக்கும், தொலைந்தால் இன்னொன்று வெட்டலாம். இதில் ஒரு பைட் மாறினாலும் போச்சு. குடும்பப் படத்தைக் கீ ஃபைலாக வைத்து, வாட்ஸாப்பில் அனுப்பி இன்னொரு கணினியில் இறக்கினால் அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும். கண்ணுக்கு அதே படம்தான், பெட்டகம் மட்டும் திறக்காது. உடைந்தால் செல்லாதது முத்திரை. ‘முத்திரைக்கோப்பு’ என்றால் என்ன?

மோக்கா:
முத்திரை என்றதும் மின்கையொப்பம்தான் நினைவுக்கு வரும். எந்தச் சொல்லானாலும் இதையும் அச்சிடுங்கள்: படம், பாட்டு வேண்டாம், செயலியே உருவாக்கும் கீஎக்ஸ் கோப்பே போதும். அது வெறும் எழுத்துக்கோப்பு. உள்ளே 64 பதினறும இலக்கங்கள் (0–9, A–F), எட்டெட்டாகப் பிரித்து இருக்கும். முழுவதையும் தாளில் அச்சிட்டு பிளாஸ்டிக் உறையில் போட்டால் புயல் மழையிலும் நனையாது. பென்டிரைவ் கெட்டாலும் தட்டச்சு செய்து மீட்கலாம். கேடிபிஎக்ஸ் ஒரு பென்டிரைவில், இது வேறொன்றில். இரண்டும் ஒரே பையில் போனால் எடுத்தவருக்கு மிச்சத் தடை கடவுச்சொல் மட்டுமே. என் வாக்கு சாவிக்கோப்புக்கு.

கத்ர் போர்ன்:
நன்றி. நேரமில்லை. ‘சாவிக்கோப்பு’ என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘திறவுகோல்’ சேர்க்கிறேன். மோக்கா ஐயாவின் குறிப்பு அப்படியே கீழே வரும்.

ரோஸ் ஹில்:
அடைப்புக்குள் வைத்ததை நான் ஏற்கவில்லை, அம்மா. கோப்பு என்பதே ‘கோ’ என்னும் வினையில் பிறந்தது, மாலை கோப்பதுபோல. ‘ஃபைல்’ பிறந்த பிரெஞ்சுச் சொல் ‘ஃபில்’ என்றாலும் நூல்தான். இவ்வளவு நல்ல சொல்லின் முன்னால் பதரைக் கட்டிவிட்டோம். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.