மறு: ட்வின் டர்போ – ‘இரட்டை’ என்று சொன்னால் போதுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குக் கூடுதல் காற்று ஊட்டும் டர்போசார்ஜர், அதன் வகைகள், உறுப்புகள் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். டர்போசார்ஜருக்குச் ‘சுழலூட்டி’ என்பதில் ஏறக்குறைய எல்லாருக்கும் சம்மதம். ஒரே எஞ்சினில் இரண்டு டர்போ இருக்கும் ட்வின் டர்போவுக்கு ‘இரட்டைச் சுழலூட்டி’ என்று போட்டு இழையை முடித்துவிடலாம் என்று நாகர்கோவில் நண்பர் நேற்று எழுதியிருந்தார். தயவுசெய்து முடிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வண்டிப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “சார், ரெட்டை டர்போன்னா ரெண்டு மடங்கு காத்து போகும், அப்போ பவரும் ரெண்டு மடங்கு, சரிதானே?” பாதி வகுப்பு தலையாட்டியது. தப்பு அவன் மேல் இல்லை. அந்தச் சொல் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. இரட்டை மாட்டு வண்டி என்றால் அதே உருவத்தில் இன்னொரு மாட்டைப் பூட்டுகிறோம், அதனால் கூடுதலாக இழுக்கும். ட்வின் டர்போவில் நடப்பது வேறு. ஒரு பெரிய மாட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு சின்ன மாடுகளைப் பூட்டுகிறார்கள். பாரம் அதேதான். பிறகு எதற்கு இந்த மாற்றம்? அந்தக் காரணம் சொல்லில் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சுழலூட்டி என்ன செய்கிறது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், குழுவில் மொழி படித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து சூடாக வெளியேறும் புகை சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது. போகிற வழியில் ஒரு சுழலியை வைத்தால் புகை அதைச் சுழற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கார்களில் வந்தது வெகுகாலம் கழித்து. அமெரிக்காவில் 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல், செவ்ரோலே இரண்டும் ஆளுக்கு ஒரு டர்போ கார் விற்றன.

‘துருத்தி’ என்ற சொல்லை முன்வைத்த குளச்சல் நண்பருக்கு ஒரு வார்த்தை. எனக்கும் அந்தச் சொல் மேல் ஆசை உண்டு. கொல்லன் உலைக்குக் காற்று ஊட்டுவது துருத்திதான். சங்கப் பாடலில் ‘மிதிதோல்’ என்றே வருகிறது. ஆனால் துருத்தி உப்பிச் சுருங்கி ஊதும், நம் கருவி சுழன்று ஊதும். அந்தச் சுழற்சியில்தான் நாம் பேசுகிற சிக்கல் முழுக்க இருக்கிறது. அதனால் மனசில்லாமல்தான் துருத்தியை விடுகிறேன்.

அந்தச் சிக்கல் இது. பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறுக்கு ஏறும் சாலையில் டீசல் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வளைவில் வேகத்தைக் குறைத்து, திரும்பி, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிப்போம். ஒரு கணம் வண்டி சும்மா கிடக்கும். அப்புறம் திடீரென்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்த ஒரு கணத்தில்தான் புகை பெருகி, சக்கரம் வேகமெடுத்து, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுகிறது. சின்னச் சுழலூட்டிகள் இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். மார்த்தாண்டம் பட்டறைகளில் இதை “வலி இல்ல, டர்போ எழும்பணும்” என்பார்கள். கடற்கரையில் துடுப்பு வலிக்கிற அதே வலி. எஞ்சினின் இழுவைக்கு இவ்வளவு நல்ல சொல் நம் வாயில் இருக்கிறது.

இந்தச் சிக்கலை ஆங்கிலத்தில் டர்போ லேக் என்பார்கள். அதற்குத் ‘தாமதம்’, ‘பின்னடைவு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. தாமதம் என்பது பேருந்துக்கும் பொருந்தும், சம்பளத்துக்கும் பொருந்தும். பின்னடைவு என்றால் தோல்வியின் சாயல் வருகிறது. நான் கேட்பது ‘சுணக்கம்’. வேலை நடக்கும், ஆனால் உடனே கிளம்பாது என்ற பொருள் அதில் இயல்பாக இருக்கிறது. ‘ஊட்டுச் சுணக்கம்’ என்று வைக்கலாம். எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும்போது புகையே போதாமல் அழுத்தம் எழாமல் இருப்பது வேறு. அது சுணக்கம் இல்லை, எவ்வளவு காத்திருந்தாலும் எழாது. அந்த எல்லைக்கு ‘எழுவேகம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். பையன்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், இணையத்தில் எழுதுகிறவர்களும் குழப்புகிறார்கள்.

இப்போது ஒன்றா இரண்டா என்ற கணக்கு. கரும்பலகையில் இதைப் போட்டபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரம் தள்ளும் காற்றை இரண்டு சக்கரங்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 மில்லிமீட்டர் இருந்தால் போதும். விட்டம் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கீழேதான் வந்திருக்கிறது. ஆனால் ஒரே வார்ப்பில் உள்ள சக்கரங்களின் சுழல் நிலைமம், அதாவது சுழற்றப் போகும்போது சக்கரம் காட்டும் முரண்டு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். பெரியதன் நிலைமம் 100 என்றால் சின்னது ஒன்றுக்கு 18-தான் வரும். பம்பரம் விட்டவர்களுக்குக் கணக்கே வேண்டாம், கையே சொல்லும்.

இத்தோடு நிறுத்தினால் தப்பான கணக்கு. சின்னது அதே அழுத்தம் தர வேண்டுமானால் 1.4 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்குக் கிடைக்கும் புகையும் பாதிதான். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் வேகமெடுக்கும் நேரம் பழையதில் 70 சதவீத அளவுக்கு வருகிறது. அதாவது சுணக்கம் மூன்றில் ஒரு பங்கு போலக் குறைகிறது, மாயமாக மறைந்துவிடவில்லை. நடைமுறையில் அந்த லாபத்திலும் கொஞ்சம் கழியும். சக்கரம் சிறுத்தாலும் இதழுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அதே விகிதத்தில் சிறுக்காது, அந்தச் சந்தில் காற்று நழுவும். இரண்டு தண்டு, இரண்டு தாங்கி, இரண்டு எண்ணெய்க் குழாய் என்று செலவும் கூடும்.

ஆகவே ட்வின் என்பதன் பயன் எண்ணிக்கையில் இல்லை, இரண்டும் எப்படி நிற்கின்றன என்பதில் இருக்கிறது. அப்படி நிற்பதில் மூன்று வகை உண்டு. ஆங்கிலத்தில் மூன்றையும் பெரும்பாலும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் அந்தக் குறையையும் சேர்த்து எதற்கு மொழிபெயர்க்க வேண்டும்?

முதல் வகையில் ஒரே அளவில் இரண்டு, எஞ்சினின் பாதி சிலிண்டர்கள் ஒன்றுக்கு, மறுபாதி மற்றொன்றுக்கு. 1981-இல் வந்த மசராட்டி பைடர்போ இப்படித்தான். வி வடிவ எஞ்சினில் இது கச்சிதமாக உட்காரும், இரண்டு பக்கமும் குழாய் குட்டையாக முடிந்துவிடும். கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வலை, இரண்டு கயிறு, கரையில் இரண்டு கூட்டம், ஒரே நேரத்தில் வலிக்கிறார்கள். இதற்கு ‘இணைச் சுழலூட்டி’ என்பது என் முன்மொழிவு. இணை என்றால் சோடி, இணைகோடு என்றால் பக்கத்தில் பக்கமாகப் போவது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் விழுகின்றன.

இரண்டாம் வகையில் முதலில் ஒன்றுதான் வேலை செய்யும். எஞ்சின் வேகம் ஏறியதும் கதவு திறந்து மற்றதும் சேர்ந்துகொள்ளும். 1986-இல் வந்த போர்ஷ் 959, 1993-இல் வந்த டொயோட்டா சூப்ரா இரண்டும் இந்த வகை. தக்கலை ஆசிரியை இதற்கு ‘முன்னூட்டி, பின்னூட்டி’ என்று எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னூட்டம் என்ற சொல் இணையத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. முன்னேர் போனபின் பின்னேர் போவதுபோல ‘முன்பின் சுழலூட்டி’ என்று கொள்ளலாமா? இந்தச் சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நல்லது கிடைத்தால் உடனே மாற்றிக்கொள்வேன்.

மூன்றாவது, ஒன்று அழுத்திய காற்றை அடுத்தது வாங்கி மேலும் அழுத்துவது. பெரும்பாலும் டீசலில் வரும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. 2004-இல் பிஎம்டபிள்யூ 535டி காரில் வந்தது. ‘அடுக்குச் சுழலூட்டி’. இதில் விவாதம் வராது என்று நினைக்கிறேன்.

சரி, ‘இரட்டை’யை ஏன் இவ்வளவு பிடிவாதமாக மறுக்கிறேன்? பிஎம்டபிள்யூ கதையைப் பார்க்க வேண்டும். 2006-இல் அவர்கள் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சின்னச் சுழலூட்டிகளை இணையாக வைத்தார்கள். என்54 என்று பெயர். 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2009-இல் அடுத்த எஞ்சின் என்55. அதே 306, அதே 400. ஆனால் சுழலூட்டி ஒன்றே ஒன்று. முழு முறுக்குவிசையும் பழையது நிமிடத்துக்கு 1300 சுற்றில் தந்தது என்றால் புதியது 1200-லேயே தந்தது. இரண்டு செய்ததை ஒன்று செய்துவிட்டது, கொஞ்சம் முந்தியும் செய்தது. வால்வு திறக்கும் முறையையும் மாற்றியிருந்தார்கள், அதனால் பெருமை முழுவதும் சுழலூட்டிக்கு இல்லை. இந்த ஒற்றைச் சுழலூட்டி எஞ்சினுக்கு அவர்கள் வைத்த விற்பனைப் பெயர் ‘ட்வின்பவர் டர்போ’. விளம்பரத்தை அப்படியே தமிழில் பெயர்த்தால் ஒன்று இருக்கிற இடத்தில் நாம் ‘இரட்டை’ என்று எழுதிவைப்போம்.

அந்த ஒன்று எப்படி அவ்வளவு செய்தது? சிலிண்டர்கள் புகையைத் தொடர் ஓட்டமாக விடுவதில்லை, துடிப்பு துடிப்பாக விடுகின்றன. ஆறின் துடிப்பையும் ஒரே வழியில் விட்டால் ஒன்றின் துடிப்பு அடுத்ததன் மேல் மோதிக் குலையும். முதல் மூன்று சிலிண்டர்களை ஒரு வழியிலும் கடைசி மூன்றை இன்னொரு வழியிலும் விட்டால், ஒரே வழியில் வரும் துடிப்புகளுக்கு நடுவில் 240 பாகை இடைவெளி கிடைக்கும். மோதல் இல்லை. என்55-இல் சுழலியின் உறைக்குள்ளேயே நடுச்சுவர் வைத்து இரண்டு சுருள் வழி செய்தார்கள். ட்வின் ஸ்க்ரோல் என்பது இதுதான்.

ஸ்க்ரோல் என்ற உறுப்புக்கு ‘சுருள்’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சங்கு பார்த்து வளர்ந்தவன். அந்த உறையைக் கழற்றிக் கையில் வைத்தால் சங்குதான், வாய் அகன்று, உள்ளே போகப் போக ஒடுங்கும். வலம்புரி, இடம்புரி என்கிறோமே, அந்தப் ‘புரி’ இதற்கு வேண்டும். ட்வின் ஸ்க்ரோல் டர்போ ‘இருபுரிச் சுழலூட்டி’. இணைச் சுழலூட்டி என்றால் இரண்டு, இருபுரிச் சுழலூட்டி என்றால் ஒன்று, வழி மட்டும் இரண்டு. பையன்கள் இனி குழம்ப மாட்டார்கள். இந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

ஒற்றைப் பெரிய சுழலூட்டிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சூப்ராவை வாங்கிப் பந்தயத்துக்கு மாற்றுகிறவர்கள் பலர் அந்த முன்பின் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு ஒரு பெரியதைத்தான் மாட்டுகிறார்கள். குழாய் குறைவு, கதவு குறைவு, உச்சியில் காற்றும் தாராளம். பந்தயத்தில் எஞ்சின் எப்போதும் உச்ச வேகத்திலேயே சுற்றும், சுணக்கம் பெரிதாகத் தெரியாது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போகிறவருக்குத்தான் தெரியும்.

வேஸ்ட்கேட் பற்றி. அழுத்தம் போதுமான அளவு வந்ததும் மிச்சப் புகையைச் சுழலிக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்பும் கதவு அது. ‘கழிவுக் கதவு’ என்று ஒரு கலைச்சொல் பட்டியலில் பார்த்தேன். வெளியே விடுவது கழிவு இல்லை, உபரி. குளம் நிறைந்தால் மறுகால் பாய்கிறது என்று நாஞ்சில் நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ‘மறுகால் கதவு’ என்று வைத்துக்கொள்வோம். இதில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஆனால் கழிவு மட்டும் வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நம் ஊர்ச் சாலையில் ஓடும் டீசல் கார்கள் பலவற்றில் இரண்டு சுழலூட்டியும் இல்லை, இருபுரியும் இல்லை. ஒன்றே ஒன்று, அதன் சுழலியைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள். புகை குறைவாக இருக்கும்போது இதழ்கள் ஒடுங்கி வழியைக் குறுக்கும், புகை வேகமெடுத்துச் சக்கரத்தில் அடிக்கும். புகை பெருகியதும் இதழ்கள் விரிந்து வழிவிடும். ஆங்கிலத்தில் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ. ‘மாறுவடிவச் சுழலூட்டி’ என்று பட்டியலில் இருக்கிறது, ஆனால் மாறுவது சுழலூட்டியின் வடிவம் இல்லை. நான் ‘விரியிதழ்’ என்று எழுதி, ஒடுங்குவதும் சேர வேண்டுமே என்று அடித்துவிட்டேன். பூ விரிவதையும் கூம்புவதையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் பூ விளையும் தோவாளைப் பக்கம் பேச்சில் இருந்தால், அங்கிருந்து இந்தக் குழுவை வாசிப்பவர்கள் எழுதுங்கள். திங்கட்கிழமை பையன்களுக்கு அந்தப் பாடம் இருக்கிறது.